கல்வியில் மின்னணுக் கருவிகள்: விடை திரும்பி வரும் வழி

கல்விக்கு மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், தில்லி நகரப் பள்ளிகளுக்கெனப் பாட ஒளிபரப்புகள் தொடங்கப் பெற்றன. அன்று முதல் இன்று வரை வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், கணிப்பொறி, இணையம், கைபேசி எனக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பறையின் வாயிலுக்கு வந்துள்ளன. ஒவ்வொன்றும் வந்தபோது, ஆசிரியர் பற்றாக்குறையும் ஊருக்கு ஊர் காணப்படும் ஏற்றத்தாழ்வும் இனி நீங்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. அந்த நம்பிக்கை ஓரளவு நிறைவேறியது. பெருமளவு நிறைவேறாமலும் போயிற்று.

இன்று கருவிகளின் எண்ணிக்கை வளர்ந்துள்ளது. ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் முறையின் 2024-25ஆம் ஆண்டு விவரப்படி, நாட்டின் பள்ளிகளில் 64.7 சதவீதம் கணிப்பொறி வசதியையும், 63.5 சதவீதம் இணைய வசதியையும் பெற்றுள்ளன. முந்தைய ஆண்டில் இவை முறையே 57.2, 53.9 சதவீதங்களாக இருந்தன. ஆயினும் கருவி பள்ளிக்கு வந்து சேர்வது ஒன்று. அதனால் மாணவர் கற்பது வேறொன்று. திரை ஒளிர்கிறது, படம் ஓடுகிறது, வகுப்பு அமைதியாக இருக்கிறது. கடைசி வரிசையில் அமர்ந்துள்ள குழந்தைக்கு என்ன விளங்கியது என்பதை யார் அறிவார்?

இவ்வினாவுக்கு விடை காணும் வகையில் கருவியைப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கருவி பாடத்தை மாணவரிடம் கொண்டு செல்வதோடு, மாணவரின் விடையை ஆசிரியரிடம் திருப்பிக் கொண்டு வரவும் வேண்டும். அவ்விடையைக் கண்டு ஆசிரியர் தம் அடுத்த அடியை மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் நிகழும் இடத்தில்தான் மாணவர் பாடத்தில் ஈடுபடுகிறார். நம் நாட்டின் அரை நூற்றாண்டு அனுபவமும், அண்மை ஆய்வுகளும் இதனையே சுட்டுகின்றன.

ஐம்பது ஆண்டு அனுபவம்

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கி 1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, உலகின் கவனத்தை ஈர்த்த முயற்சியாகும். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பயன்படுத்தி, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. கோழிவலைக் கம்பியால் ஆன 3 மீட்டர் விட்டமுள்ள வாங்கிகள் கிராமங்களில் நிறுவப்பட்டன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும், மாலையில் முதியோருக்கும் நிகழ்ச்சிகள் அமைந்தன.

அச்சோதனையில் ஆசிரியர் பயிற்சி தனிச் சிறப்புடையது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் 12 நாள் பயிற்சி இரு கட்டங்களாக அளிக்கப்பட்டது. இப்பயிற்சி தொலைக்காட்சியை மட்டும் நம்பியிருக்கவில்லை. வானொலி, அச்சிட்ட குறிப்புகள், கைகளால் செய்து பார்க்கும் சோதனைகள், குழு விவாதம் ஆகியவை அதனுடன் இணைக்கப்பட்டன. திரையில் கண்டதை ஆசிரியர் உடனே செய்து பார்க்கவும், உடனிருப்போருடன் பேசித் தெளியவும் அது வழி செய்தது. குழந்தைகளுக்கான காலை நிகழ்ச்சியோ ஒருவழிப் பாதையாகவே இருந்தது. தொலைவிலுள்ள நிலையத்துக்குக் கிராமத்துக் குழந்தையின் வினா சென்று சேர வழியில்லை.

இக்குறையை நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் உணர்ந்திருந்தது. 1996இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் தொடங்கிய வளர்ச்சித் தொடர்புத் திட்டத்தில், 150 கிராமங்களில் நேரடி வாங்கிகள் நிறுவப்பட்டதுடன், ஒன்றியத் தலைமையிடங்களில் 12 மறுமொழி நிலையங்களும் அமைக்கப்பட்டன. படம் ஒருவழியாகவும், குரல் இருவழியாகவும் சென்றன. பழங்குடி மக்கள் மிகுந்த அம்மாவட்டத்திலிருந்து எழும் வினா, நிகழ்ச்சியை நடத்துவோரின் காதில் விழுந்தது. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட், கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் இந்தியச் செயற்கைக்கோளாகும். அதன் துணையுடன் கேரளம் 2005இல் விக்டர்ஸ் எனும் கல்வி அலைவரிசையைத் தொடங்கியது.

அதன் பின்னர் வளர்ச்சி விரைவுற்றது. 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் ஸ்வயம் இணையப் பாடத்திட்டமும், ஸ்வயம் பிரபா எனும் தொலைக்காட்சி அலைவரிசைத் தொகுதியும் தொடங்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, தீக்ஷா எனும் தேசியக் கல்வித் தளம் செயற்பட்டது. பாடநூலில் அச்சிடப்பட்ட க்யூஆர் குறியீட்டைக் கைபேசியால் படித்தால், அப்பாடத்துக்குரிய ஒளிக்காட்சியும் பயிற்சியும் திறக்கும் முறை பல மாநிலங்களுக்குப் பரவியது.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பரிதேவாடி கிராம ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே. 2009இல் அவர் அப்பள்ளிக்கு வந்தபோது, அது மாட்டுக் கொட்டிலுக்கும் சேமிப்பறைக்கும் இடையே சிதைந்த கட்டடமாக இருந்தது. பாடநூல் மாணவியரின் தாய்மொழியில் இல்லை என்பதைக் கண்ட அவர், அவர்கள் மொழியைத் தாமே கற்று, பாடங்களை மொழிபெயர்த்து, ஒலிப்பாடங்களும் ஒளிக்காட்சிகளும் அடங்கிய க்யூஆர் குறியீடுகளை நூலில் ஒட்டினார். பின்னர் மாநில அரசும் தன் பாடநூல்களில் இம்முறையை ஏற்றது. 2020ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 10 லட்சம் டாலர் பரிசுத் தொகையில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த ஏனைய ஆசிரியர்களுடன் அவர் பகிர்ந்துகொண்டார். இங்கே கருதத்தக்கது யாதெனில், குறியீட்டுக்கு முன்னரே அவர் செய்த செயலாகும். குழந்தைக்கு எது விளங்கவில்லை என்பதை அவர் முதலில் கண்டறிந்தார். கருவி அதன் பின்னரே வந்தது.

2020ஆம் ஆண்டுச் சோதனை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய்த்தொற்றினால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன்னரே எச்சரிக்கை இருந்தது. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, நாட்டின் வீடுகளில் 10.7 சதவீதத்தில் மட்டுமே கணிப்பொறி இருந்தது, 23.8 சதவீத வீடுகளுக்கே இணைய வசதி இருந்தது. கிராமப்புற வீடுகளில் இவ்விகிதங்கள் முறையே 4.4, 14.9 ஆகும்.

ஊரகக் குழந்தைகளிடையே நடத்தப்படும் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வு, 2018இல் 36.5 சதவீதக் குழந்தைகளின் வீடுகளில் இருந்த திறன்பேசி, 2020இல் 61.8 சதவீத வீடுகளுக்கு எட்டியதாகக் காட்டியது. பெற்றோர் பலர் கடன் வாங்கியும் கைபேசி வாங்கினர். ஆயினும் அவ்வாய்வுக்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து கற்றல் பொருள் ஏதேனும் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. கருவி வீட்டுக்குள் வந்த பின்னரும் பாடம் வந்து சேரவில்லை என்பது இதனால் விளங்கும்.

விளைவு பின்னர் தெரிந்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியைப் படிக்க வல்லோர் 2018இல் 27.3 சதவீதம், 2022இல் 20.5 சதவீதம். 2024இல் அது 27.1 சதவீதமாக மீண்டது. இழந்ததை மீட்டெடுக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவ்வாண்டுகளில் மேல்வகுப்புக்குச் சென்றுவிட்ட குழந்தைகளுள், படிக்கத் தெரியாமலே சென்றவர் எத்துணைப் பேர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்காலத்தில் மாநிலங்கள் பல வழிகளை மேற்கொண்டன. கேரளம் 2020 ஜூன் 1ஆம் நாள் விக்டர்ஸ் அலைவரிசை வாயிலாக 'முதல் மணி' எனப் பொருள்படும் பெயரில் பாடங்களைத் தொடங்கியது. தொலைக்காட்சியோ கைபேசியோ இல்லாத சுமார் 2.6 லட்சம் மாணவர்கள் கணக்கெடுக்கப்பட்டனர். நூல்நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் அவர்கள் கூடிக் காண ஏற்பாடு செய்யப்பட்டது. ஒளிபரப்பு முடிந்தபின் வகுப்பாசிரியர் வாட்ஸ்அப் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் மாணவரைத் தொடர்பு கொண்டார். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர்கள், மண்வீட்டுச் சுவர்களில் கரும்பலகைகளைத் தீட்டி, இடைவெளி விட்டு அமர்ந்த குழந்தைகளுக்கு ஒலிபெருக்கி வாயிலாகப் பாடம் நடத்தினர். குழந்தை சுவரில் எழுதியதை ஆசிரியர் நேரில் கண்டார். செலவில் இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆயினும் விடை ஆசிரியரிடம் திரும்பி வரும் வழியை இரண்டும் அமைத்திருந்தன.

ஆய்வுகள் கூறுவன

கணிப்பொறிவழிக் கற்றலைப் பற்றி நம் நாட்டில் நடந்த மூன்று ஆய்வுகள், மாணவரும் அலுவலரும் அறிந்திருக்க வேண்டியவை.

முதலாவது, குஜராத்தின் வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் நடந்ததாகும். நான்காம் வகுப்புக் குழந்தைகள் இருவருக்கு ஒரு கணிப்பொறி வீதம், வாரம் இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகளில் ஈடுபட்டனர். விளையாட்டின் கடினம் குழந்தையின் விடைக்கேற்ப அமைந்தது. முதல் ஆண்டில் கணித மதிப்பெண், திட்ட விலக்க அளவில் 0.35உம், இரண்டாம் ஆண்டில் 0.47உம் உயர்ந்தது. ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபின் அப்பயன் 0.1 அளவுக்குத் தேய்ந்தது. 2007இல் வெளியான இவ்வாய்வின் ஆசிரியர்களுள், பின்னர் 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அடங்குவர்.

இரண்டாவது ஆய்வும் குஜராத்தில் நடந்ததே. ஒரே மென்பொருள் இரு வகையாகப் பயன்படுத்தப்பட்டது. பள்ளி நேரத்தில் ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு அது தரப்பட்டபோது, குழந்தைகள் கணிப்பொறி இல்லாத பள்ளியின் குழந்தைகளைவிடக் குறைவாகவே கற்றனர். பள்ளி நேரத்துக்குப் புறம்பே, ஆசிரியரின் பாடத்துக்குத் துணையாகத் தரப்பட்டபோது பயன் விளைந்தது; அதுவும் பின்தங்கிய குழந்தைகளுக்கே மிகுதியாக விளைந்தது.

மூன்றாவது, தில்லியில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு. 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர், பள்ளி முடிந்தபின் நாளொன்றுக்கு 90 நிமிடம் ஒரு மையத்தில் பயின்றனர். அவற்றுள் 45 நிமிடம் கணிப்பொறிப் பயிற்சி. 45 நிமிடம் ஆசிரியருடன் சிறு குழுப் பாடம். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவு முன்னேற்றம் காணப்பட்டது. இதற்குரிய காரணம் சிந்திக்கத்தக்கது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். வகுப்பறையோ ஆறாம் வகுப்புப் பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தது. கணிப்பொறி ஒவ்வொரு மாணவரின் விடையையும் கண்டு, அவர் நிற்கும் படியிலிருந்து தொடங்கியது.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கின் சில உண்மைகள் புலனாகும். ஆசிரியரை விலக்கிவிட்டு வைக்கப்படும் கருவி தீங்கும் விளைக்கக்கூடும். மாணவரின் விடைக்கேற்ப மாறும் கருவி பயன் தரும். இடையில் நிறுத்தப்படின் அப்பயன் கரைந்துவிடும்.

வகுப்பறையில் ஒரு பாடம்

இக்கருத்தைச் சாதாரண வகுப்பறையில் செயற்படுத்துவது எவ்வாறு? நாற்பது மாணவர்கள், ஒரு திரை, ஆசிரியரிடம் ஒரு கைபேசி. பின்னங்களின் கூட்டல் பாடம் நடைபெறுகிறது எனக் கொள்வோம்.

வழக்கமான முறையில், திரையில் பத்து நிமிட ஒளிக்காட்சி ஓடும், முடிவில் "விளங்கிற்றா?" என ஆசிரியர் கேட்பார், "விளங்கிற்று" என வகுப்பு ஒரே குரலில் கூறும். இக்குரலில் விளங்காதவரின் குரலும் கலந்திருக்கும். மாற்று முறையில், ஒளிக்காட்சி மூன்று நிமிடத்தில் நிறுத்தப்படுகிறது. திரையில் ஒரு வினா தோன்றுகிறது: 1/2 + 1/3 எவ்வளவு? நான்கு விடைகள் தரப்படுகின்றன: 2/5, 2/6, 1/6, 5/6.

இவ்விடைகள் வெறுமனே தெரிவு செய்யப்பட்டவை அல்ல. 2/5 எனக் கூறுபவர் தொகுதியைத் தொகுதியுடனும், பகுதியைப் பகுதியுடனும் கூட்டிவிட்டார். 2/6 எனக் கூறுபவர் பொதுப் பகுதியைக் கண்டார். தொகுதிகளை அதற்கேற்ப மாற்ற மறந்தார். 1/6 எனக் கூறுபவர் கூட்டலுக்குப் பதிலாகப் பெருக்கினார். ஒவ்வொரு தவறான விடையும் ஒவ்வொரு தவறான எண்ணத்தை ஆசிரியருக்குக் காட்டுகிறது.

விடைகளைத் திரட்டுவதற்கு மாணவரிடம் கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் அவருக்குரிய எண்ணைக் குறிக்கும் வடிவம் அச்சிட்ட ஓர் அட்டை தரப்படுகிறது. அட்டையை நான்கு பக்கமாகத் திருப்பிப் பிடிக்கலாம். மேலே வரும் பக்கம் விடையைக் குறிக்கும். ஆசிரியர் தம் கைபேசியின் படக்கருவியை வகுப்பின் மீது ஒருமுறை செலுத்தினால், யார் என்ன விடை கூறினர் என்பது பதிவாகிவிடும். பிளிக்கர்ஸ் போன்ற செயலிகள் இம்முறையில் இயங்குகின்றன. அருகிலுள்ளவரின் அட்டையைப் பார்த்து விடையறிதல் எளிதன்று. எனவே கூச்சமுள்ள குழந்தையும் அஞ்சாது விடை கூறும். மின்சாரமோ இணையமோ இல்லாத நாளில், நெஞ்சருகே விரல்களைக் காட்டச் செய்தும் இதனையே நடத்தலாம்.

இதன் பின்னர் ஆசிரியர் செய்வதே முதன்மையானது. பெரும்பாலோர் சரியாகக் கூறினால் பாடம் மேலே செல்கிறது. தவறியோரை ஆசிரியர் பின்னர்த் தனியே காண்கிறார். விடைகள் பிரிந்து நின்றால், அருகிலுள்ளவருடன் இரண்டு நிமிடம் விவாதித்து மீண்டும் விடை கூறுமாறு பணிக்கிறார். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் தம் வகுப்புகளில் கையாண்டு பரப்பிய முறை இது. பலரும் 2/5 எனக் கூறியிருந்தால், ஆசிரியர் ஒரு வினாவை மட்டும் எழுப்பலாம்: "அரையுடன் மேலும் சிறிது சேர்த்த பின், அரையைவிடக் குறைவான விடை வருமா?" வகுப்பு ஒரு கணம் திகைக்கும். பின்னர் ஒரு செவ்வகத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்து, மூன்றையும் இரண்டையும் வண்ணம் தீட்டினால் ஐந்து கட்டங்கள் நிறைவது கண்கூடாகும்.

ஒளிக்காட்சியைக் கண்டு அமைதியாக இருப்பது கவனம் மட்டுமே. தம் விடை தவறென அறிந்து, அது ஏன் தவறெனத் தேடுவது ஈடுபாடு. கருவி இங்கே செய்த பணி ஒன்றே: நாற்பது பேரின் எண்ணத்தை அரை நிமிடத்தில் ஆசிரியருக்குத் தெரிவித்தது.

தொலைவிலிருந்து கற்பிக்கும்போது

நேரில் காணாத மாணவரை ஈடுபடுத்துதல் இதனினும் கடினம். வீட்டுக்கு ஒரு கைபேசி என்ற நிலையில், அது பகலில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் அண்ணனின் கைக்குச் செல்லும். தங்கையின் முறை வரும்போது இரவாகிவிடும். 2024ஆம் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வின்படி, ஊரகத்தில் 14 முதல் 16 வயது வரையிலானோருள் 82.2 சதவீதத்தினர் திறன்பேசியைக் கையாள அறிவர். அவ்வாறு அறிந்தவருள் சொந்தமாகக் கைபேசி வைத்திருப்போர் ஆண்பிள்ளைகளில் 36.2 சதவீதம், பெண்பிள்ளைகளில் 26.9 சதவீதம். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதனைக் கல்விக்குப் பயன்படுத்தியோர் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியோர் 76 சதவீதம். ஆகவே காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு எனின், அது பல பெண்குழந்தைகளை முதலிலேயே விலக்கிவிடுகிறது.

இதற்கேற்ற ஏற்பாடு எளியதாக இருத்தல் வேண்டும். ஆசிரியர் நாளுக்கு ஒரு வினாவை, ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத குரல் விளக்கத்துடன் அனுப்பலாம். குறைந்த இணைய வசதியிலும் அது சென்று சேரும், எந்நேரமும் கேட்கலாம். மாணவர் குறிப்பேட்டில் விடை எழுதி, அதன் படத்தை இரவுக்குள் அனுப்பலாம். மறுநாள் ஆசிரியர், பெயர் குறிப்பிடாமல், இரண்டு தவறான விடைகளை எடுத்து விளக்கலாம். மூன்று நாள் தொடர்ந்து விடை வராத மாணவரை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். ஊரில் ஐந்து குழந்தைகளைச் சேர்த்து, கைபேசி உள்ள ஒரு வீட்டின் திண்ணையில் மாலையில் கூடச் செய்வதும் நலம்.

தொலைபேசி அழைப்பின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2020இல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில், பள்ளிகள் மூடியிருந்தபோது ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பப்பட்டன. மற்றொரு பகுதியினருக்குக் குறுஞ்செய்தியுடன் ஏறத்தாழ இருபது நிமிடத் தொலைபேசி உரையாடலும் நிகழ்ந்தது. உரையாடல் பெற்ற குழந்தைகளின் கற்றல் 0.12 திட்ட விலக்க அளவு உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்றோரிடம் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. பின்னர் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் இம்முறை சோதிக்கப்பட்டுப் பயன் தந்தது. இதற்குத் திறன்பேசி வேண்டியதில்லை; சாதாரணக் கைபேசியே போதும்.

குழந்தையின் உடல்நலமும் கருதத்தக்கது. 2020 ஜூலையில் மத்தியக் கல்வித்துறை வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டு நெறிகள், முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமலும், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு அமர்வுகளுக்கு மேற்படாமலும் நேரலை வகுப்புகள் அமைய வேண்டுமென்றன. நேரம் குறுகியதாக இருக்கும்போது, அதனை உரை நிகழ்த்துவதில் செலவிடுவதைவிட, வினாவிலும் விடையிலும் செலவிடுவதே பொருத்தம்.

அலுவலர்கள் அளக்க வேண்டியவை

திட்டங்களின் மதிப்பீட்டில் பெரும்பாலும் வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையும், பதிவேற்றிய பாடங்களின் எண்ணிக்கையும், பார்வையிட்டோரின் எண்ணிக்கையுமே இடம்பெறுகின்றன. இவை எண்ணுவதற்கு எளியவை. ஆனால் எதை எண்ணுகிறோமோ அதுவே களத்தில் வளரும் என்பது நிர்வாகத்தில் அனைவரும் அறிந்த உண்மை. எனவே பின்வரும் வினாக்களையும் ஆய்வுப் படிவங்களில் சேர்த்தல் நன்று.

முதலாவதாக, சென்ற வாரத்தில் எத்தனை மாணவரின் விடைகள் ஆசிரியரை வந்தடைந்தன? இரண்டாவதாக, விடை அனுப்பிய மாணவருக்கு எத்தனை நாளில் மறுமொழி கிடைத்தது? மூன்றாவதாக, விடை வராதோர் யாவர். அவர்களுள் மாணவியர் எத்தனை பேர். அவர்களைத் தொடர்பு கொண்டவர் யார்? நான்காவதாக, மாணவர் விடைகளைக் கண்டபின் ஆசிரியர் பாடத்தில் செய்த மாற்றம் ஒன்றேனும் உண்டா? ஐந்தாவதாக, பழுதுற்ற கருவி எத்தனை நாளில் சீராக்கப்பட்டது. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்படுகின்றன? ஐந்தாவது வினாவுக்கு விடை இல்லாத பள்ளியில், முதல் நான்கு வினாக்களும் விரைவில் பொருளற்றுப் போகும். பூட்டிய அறையில் உறை போர்த்திய கணிப்பொறிகளை ஆய்வின்போது கண்ட அலுவலர்கள் இதனை நன்கறிவர்.

இவ்விவரங்களைத் திரட்டும் பணி ஆசிரியரின் மீது மற்றொரு சுமையாக ஏறலாகாது. ஆசிரியர் ஒரு கையால் கற்பித்து, மறு கையால் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பும் நிலை, கருவியின் நோக்கத்தையே கெடுத்துவிடும். ஒரு வட்டாரத்தில் மாதம் சில பள்ளிகளைத் தெரிவு செய்து, நேரில் சென்று, பத்து மாணவரிடம் "சென்ற வாரம் நீ அனுப்பிய விடைக்கு ஆசிரியர் என்ன கூறினார்?" எனக் கேட்டறிவதே போதும். அன்றியும், மாணவரின் பெயர், கைபேசி எண், மதிப்பெண் ஆகியவை செயலிகளில் பதிவாகின்றன. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குத் தனிப் பாதுகாப்பை வகுத்துள்ளது. எச்செயலியைத் தெரிவு செய்யும்போதும் இதனை மனத்திற் கொள்ளுதல் கடமையாகும்.

ஆசிரியர் பயிற்சியிலும் மாற்றம் தேவை. எப்பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்பதை ஒரே நாளில் கற்பிக்கலாம். ஒரு பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர், அவ்விடறலை வெளிக்கொணரும் வினாவை எவ்வாறு அமைப்பது என்பதைக் கற்க நெடுநாள் வேண்டும். 1975இல் ஆசிரியர்களுக்கு 12 நாள் பயிற்சி அளித்தபோது, திரையுடன் செய்முறையையும் விவாதத்தையும் இணைத்த அத்திட்டமிடல் இன்றைக்கும் பாடமாக அமையத்தக்கது. ஒரு குறுவட்டத்து ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, தம் மாணவரின் தவறான விடைகளை மேசைமீது வைத்துப் பேசுவார்களாயின், அதுவே தலைசிறந்த பயிற்சியாகும்.

முடிவாக

கோழிவலைக் கம்பியால் ஆன வாங்கியின் முன் அமர்ந்து அதிசயித்த 1975ஆம் ஆண்டுக் குழந்தைக்கும், கைபேசியில் ஒளிக்காட்சியைக் காணும் இன்றைய குழந்தைக்கும் இடையே கருவிகள் பன்மடங்கு வளர்ந்துள்ளன. அன்றைய குழந்தை எழுப்பிய வினா நிலையத்துக்கு எட்டவில்லை. அதற்குத் தொழில்நுட்பத்தில் வழியில்லை. இன்று வழி உண்டு. ஆகவே இன்றைய குழந்தையின் வினா ஆசிரியரை எட்டவில்லையெனில், அதற்குக் கருவியைக் காரணம் காட்ட இயலாது. அவ்வழியைத் திறந்து வைப்பதும், அதில் வந்து சேரும் தவறான விடையைப் பொறுமையுடன் படிப்பதும் மனிதர் செய்ய வேண்டிய பணி. நாளை ஒரு வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரும், ஆய்வுக்குச் செல்லும் அலுவலரும், திரையை நோக்குமுன் கடைசி வரிசையை நோக்கி ஒரு வினாவை எழுப்புவார்களாக. அக்குழந்தையின் விடை சரியோ தவறோ, கற்பித்தல் அங்கிருந்தே தொடங்கட்டும்.